ஜூனியர் வக்கீலின் முதல் சில வருடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பார் கவுன்சிலில் வக்கீலாக என்ரோல்மென்ட் முடிந்து புதுக் கோட்டோடு எங்கள் கோர்ட் வளாகத்துக்கு வரும் ஜூனியர்கள், வந்த ஒரு மாதத்துக்குள் கேட்கும் கேள்விகள் வருடா வருடம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கின்றன. பார் அசோசியேஷன் ஹாலில் கேட்பார்கள், டீக்கடையில் கேட்பார்கள், ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜாகவும் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டது, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் தமிழ்நாட்டில் மாவட்டக் கோர்ட்டில் பிராக்டிஸ் செய்கிறவள், அவ்வப்போது ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்கும் போவேன். பதில்களில் அந்த வாசனைதான் அடிக்கும். கார்ப்பரேட் ஃபர்ம் வேலைக்கு இன்டர்வியூ போகிறவர்களுக்கு இதில் பெரிதாக எதுவும் இல்லை.

"என்ரோல் ஆயிட்டேன். பார் எக்ஸாம் பாஸ் பண்ணாமலே கோர்ட்டில் ஆஜராகலாமா?"

ஆகலாம், ஆனால் கெடு உண்டு. உங்களுக்கு இப்போது கிடைத்திருப்பது தற்காலிகப் பதிவு. இரண்டு வருடத்துக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேறி, பிராக்டிஸ் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். இந்தத் தேர்வே செல்லாது என்று வழக்கெல்லாம் போட்டுப் பார்த்தார்கள், 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு செல்லும் என்று சொல்லிவிட்டது. 100 கேள்வி, தவறான பதிலுக்கு மார்க் கழிப்பது கிடையாது, குறிப்பு எதுவும் எழுதாத பேர் ஆக்டை (சட்ட வாசகம் மட்டும் உள்ள புத்தகம்) கையில் கொண்டுபோகலாம், தமிழிலும் எழுதலாம். பொதுப் பிரிவுக்கும் ஓ.பி.சி.க்கும் 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 சதவீதம். பேர் ஆக்டைத்தான் திறந்து பார்க்கலாமே என்று படிக்காமல் போகிறவர்கள்தான் தோற்கிறார்கள். எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

என்ரோல்மென்ட் கட்டணத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். வழக்கறிஞர்கள் சட்டம் 1961, பிரிவு 24-ல் இருக்கும் தொகைக்கு மேல் பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தொகை 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய்.

"எந்த சீனியரிடம் சேர்வது? பெரிய பெயர் இருக்கிறவரிடம் போனால்தான் நல்லதா மேடம்?"

பெயரைப் பார்க்காதீர்கள், அவர் ஆபீஸ் ஜூனியரின் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இதைத் தெரிந்துகொள்ள யாரிடமும் சிபாரிசு கேட்க வேண்டாம். ஒரு வாரம் காலை பத்தரைக்கு சப் கோர்ட்டிலோ மாஜிஸ்திரேட் கோர்ட்டிலோ போய்ப் பின்பெஞ்சில் உட்காருங்கள். கேஸ் கூப்பிட்டதும் எந்த ஆபீஸ் ஜூனியர் கேஸ் கட்டோடு எழுந்து கேஸ் என்ன நிலையில் இருக்கிறது என்று சொல்கிறான், எந்த ஆபீஸ் ஜூனியர் கையில் வெறும் துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு "சீனியர் வேற கோர்ட்டில் இருக்கார், வாய்தா வேணும்" என்று மட்டும் சொல்கிறான் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது ஜூனியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆவணத்தை எடுத்துக் கொடுக்கச் சொல்கிற சீனியர் கிடைத்தால் விடாதீர்கள்.

அப்புறம் அந்த ஆபீஸை விட்டு விலகிய ஒருவரைப் பிடித்துப் பேசுங்கள். இப்போது இருக்கிறவர் உண்மையைச் சொல்லமாட்டார். பத்துப் பன்னிரண்டு ஜூனியர் இருக்கும் ஆபீஸில் முதல் வருடம் உங்கள் முகமே சீனியருக்குத் தெரியாமல் போகலாம். இரண்டு ஜூனியர் இருக்கும் ஆபீஸில் வேலை முதுகை ஒடிக்கும், ஆனால் கட்டு முழுக்க உங்கள் கை வழியாகத்தான் போகும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். இன்னொன்று: பெஞ்ச் கிளார்க்கிடமும் டவாலியிடமும் அவர் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். நாளைக்கு உங்களிடமும் அப்படித்தான் பேசுவார்.

"நேரா ஹைகோர்ட் போறதா, ஊரிலேயே இருக்கிறதா?"

வீட்டு வாடகையும் சாப்பாடும் சமாளிக்க முடிகிறதா என்பதுதான் இதில் முதல் கேள்வி, மற்றதெல்லாம் பிறகு. சமாளிக்க முடியும் என்றாலும், விசாரணை நீதிமன்றத்தில் ஒரு இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்வேன். ஹைகோர்ட்டில் அப்பீல் வாதாடும்போது கையில் இருப்பது கீழ்க் கோர்ட்டில் யாரோ பதிவு செய்த சாட்சியம்தான். அது எப்படிப் பதிவாகிறது, எந்த இடத்தில் வக்கீல் கேட்க மறந்தார் என்பது அங்கே உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் கண்ணில் படும். ஹைகோர்ட்டில் நேராகப் போடும் ரிட் மனு மட்டும்தான் செய்யப் போகிறேன் என்று தெளிவாக இருக்கிறவர்கள் நேராகப் போகலாம். தென் மாவட்டத்துக்காரர்களுக்கு 2004 ஜூலையிலிருந்து மதுரைக் கிளை இருப்பதால், சென்னைக்குப் போனால்தான் ஹைகோர்ட் என்ற நிலைமையும் இல்லை.

"ஆறு மாசமா வாய்தாதான் வாங்கிட்டு இருக்கேன். இதுல என்ன கத்துக்கறது?"

இந்தக் கேள்வியைக் கேட்காத ஜூனியரே கிடையாது. வாய்தா வாங்கப் போனவர் வாங்கியதும் வெளியே வந்துவிட்டால் எதுவும் கற்றுக்கொள்ள முடியாதுதான். உட்கார்ந்திருந்தால் கதையே வேறு. டைரியில் ஆரம்பியுங்கள். ஒரு கேஸுக்கு ஐந்து விஷயம் எழுத வேண்டும்: கோர்ட், வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், இன்று என்ன நடந்தது, அடுத்த வாய்தா எதற்காக. கடைசி இரண்டைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். "ஓ.எஸ். 212, 14-ம் தேதி" என்று மட்டும் எழுதினால் 13-ம் தேதி ராத்திரி கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு விழிக்க வேண்டியதுதான். "பி.டபிள்யூ. 1 குறுக்கு பாதி, பிரதிவாதி ஒரிஜினல் கிரயப் பத்திரம் கொண்டுவரவில்லை, மீதிக் குறுக்குக்கு 14-ம் தேதி" என்று எழுதியிருந்தால் (பி.டபிள்யூ. 1 என்றால் வாதி தரப்பு முதல் சாட்சி) அன்று என்ன தயார் செய்ய வேண்டும் என்று டைரியே சொல்லிவிடும்.

கேஸ் ஏன் தள்ளிப்போகிறது என்று பாருங்கள். சம்மன் சார்வாகவில்லையா, அதாவது எதிராளி கைக்குப் போய்ச் சேரவில்லையா? ஏன்? பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்டவில்லையா, விலாசம் தப்பா, அமீனா போனபோது வீடு பூட்டியிருந்ததா? பேட்டா கட்டாமல் விட்டதற்கே வழக்கைத் தள்ளுபடி செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இடம் இருக்கிறது, கட்டளை 9 விதி 2. கல்லூரியில் இதை ஒரு வரியில் படித்திருப்பீர்கள். சம்மன் வேலையைப் பார்க்கும் நாஜர் செக்‌ஷனில் போய் நின்றால்தான் அது எவ்வளவு சுலபமாக நடக்கும் என்று புரியும். காபி அப்ளிகேஷன் போடுவது, ரிட்டர்ன் ஆன மனுவை ஓட்டையை அடைத்துத் திரும்பத் தாக்கல் செய்வது, நம்பர் ஆகாமல் கிடக்கும் ஐ.ஏ.வை (இடைக்கால மனு) தேடிக் கண்டுபிடிப்பது எல்லாம் கிளார்க் வேலை என்று நினைக்காதீர்கள். ஆபீஸ் கிளார்க் ஒரு வாரம் லீவு போட்டால் சீனியரே திணறுவார்.

இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த தேதி வந்துவிடுகிறதே, டைரி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. செயலியில் தேதி இருக்கும், சில சமயம் தாமதமாக ஏறும். ஜட்ஜ் முகத்தைச் சுளித்துக்கொண்டு "இதுதான் கடைசி வாய்தா" என்று சொன்னது அதில் இருக்காது.

"சம்பளம் கேட்கலாமா? கேட்டால் தப்பா நினைச்சுட்டா?"

கேளுங்கள். சேரும் அன்றே கேளுங்கள். "மாசம் எவ்வளவு சார் தருவீங்க, எப்போலேர்ந்து தருவீங்க" என்று நேராகக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று சுற்றறிக்கை விடும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே வருடம் அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று சொன்னது. அது பரிந்துரைதான், கட்டாயம் இல்லை.

நடப்பு அப்படி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். பஸ் காசும் மதியச் சாப்பாடும் தேறினால் போதும் என்று இருக்கும் ஆபீஸ்கள் நிறைய. "நாங்கெல்லாம் ஃப்ரீயாத்தான் கத்துக்கிட்டோம்" என்று ஒரு வசனம் வரும். அப்படிக் கற்றுக்கொள்ள முடிந்தவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று யோசித்துப் பாருங்கள், முதல் தலைமுறை வக்கீல்கள் ஏன் இரண்டே வருடத்தில் தொழிலை விட்டுப் போகிறார்கள் என்பது விளங்கிவிடும். குறைவாகத் தருகிறவரிடமும் சேரலாம், வேலை நல்ல வேலையாக இருந்தால். எதுவுமே தராமல் வீட்டு மின்கட்டணம் கட்டவும் பிள்ளையை ஸ்கூலில் கொண்டுபோய் விடவும் அனுப்புகிறார் என்றால் அங்கே நடப்பது பயிற்சியே இல்லை. கிளம்பிவிடுங்கள்.

"எனக்கு இங்கிலீஷ் சரளமா வராது. இந்தத் தொழில் சரிப்பட்டு வருமா?"

வரும். தமிழ்நாட்டில் கீழ் நீதிமன்றங்களின் மொழி தமிழ்தான், ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-ல் சேர்த்த பிரிவு 4-பி அதைச் சொல்கிறது. சாட்சியம் தமிழில், வாதம் தமிழில். ஹைகோர்ட்டில்தான் இங்கிலீஷ், அதற்கு அரசியலமைப்பின் 348-வது பிரிவு காரணம். தமிழையும் அங்கே கொண்டுவர வேண்டும் என்று 2006-ல் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டும் இன்னும் நடக்கவில்லை. ஆகவே இங்கிலீஷ் தீர்ப்பைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது பழகியே ஆக வேண்டும். தினமும் ஒரு தீர்ப்பு, பத்துப் பக்கம் போதும். பேச்சு பிறகு வரும்.

உண்மையில் எனக்கு அதிகம் கவலை தருவது மறுபக்கம். நல்ல இங்கிலீஷோடு வரும் பிள்ளைகளிடம் ஒரு நிலத் தகராறுக் கட்டைக் கொடுத்தால், அடங்கலுக்கும் சிட்டாவுக்கும் வித்தியாசம் தெரியாது, ஒத்திக்கும் கிரயத்துக்கும் குழப்பம், வில்லங்கச் சான்றை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது என்றே தெரியாது. எழுபது வயது விவசாயி சாட்சிக்கூண்டில் நின்று "கீழவரப்புலேர்ந்து வாய்க்கா வரைக்கும் எங்க அனுபோகந்தேன்" என்று சொன்னால், அது எந்த சர்வே எண்ணில் எந்தப் பக்கம் என்று உங்களுக்கு உடனே மனதில் படம் ஓட வேண்டும். ஒரு நாள் வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் போய் புல வரைபடம் எப்படிப் படிப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

"புது கிரிமினல் சட்டம் வந்தாச்சு. இனி ஐ.பி.சி. படிக்கணுமா?"

படிக்கணும், வேறு வழியில்லை. 2024 ஜூலை 1-க்கு முன்னால் நடந்த குற்றத்துக்கு ஐ.பி.சி.தான். அந்த வழக்குகள் இன்னும் பல வருடம் ஓடும். புது எண்களில் அன்றாடம் தேவைப்படுகிற சிலதையாவது மனப்பாடம் செய்துவிடுங்கள்: கொலைக்கு 302 போய் 103, மோசடிக்கு 420 போய் 318(4), நடைமுறைச் சட்டத்தில் முன்ஜாமீனுக்கு 438 போய் 482, ஹைகோர்ட், செஷன்ஸ் ஜாமீனுக்கு 439 போய் 483. இதில் ஒரு வம்பு இருக்கிறது. பழைய நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கோரும் மனு, புதிதில் அது 528. எந்தச் சட்டத்தின் 482 என்று எழுதாமல் டைப் செய்தால் மனு திரும்பி வரும்.

"ஜட்ஜை எப்படிக் கூப்பிடறது? மை லார்ட்னு சொல்லணுமா?"

கட்டாயம் இல்லை. 2006-லேயே பார் கவுன்சில் விதி சொல்லிவிட்டது: உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் 'யுவர் ஹானர்' அல்லது மாண்பமை நீதிமன்றம், கீழ் நீதிமன்றங்களில் 'சார்' அல்லது அந்தந்த மொழியில் அதற்குச் சமமானது. இங்கே 'ஐயா', 'அம்மா' என்பது சகஜம். ஹைகோர்ட்டில் எல்லோரும் இன்னும் மை லார்டுதான் போடுகிறார்கள், நீங்களும் போட்டால் யாரும் கோபிக்கப் போவதில்லை. கழுத்தில் பேண்டோடும் கவுனோடும் டீக்கடைக்குப் போகாதீர்கள், அதற்கும் விதி இருக்கிறது.

"டிராஃப்டிங் எப்படிப் பழகுறது? ஏ.ஐ.யில் போட்டு எழுதலாமா?"

ஆபீஸ் ரேக்கில் தூசி படிந்து கிடக்கும், தீர்ப்பாகி முடிந்த கட்டு ஒன்றை எடுங்கள். முதலில் தீர்ப்பைப் படியுங்கள். ஜட்ஜ் எந்த வரியைப் பிடித்து முடிவு செய்தார் என்று குறித்துக்கொண்டு, அந்த வரி பிராதில் (வாதி தாக்கல் செய்தது) எங்கே இருந்தது, எதிருரையில் (பிரதிவாதியின் பதில்) அதற்கு என்ன பதில் சொன்னார்கள் என்று பின்னோக்கித் தேடிப் போங்கள். பல வழக்குகளில் அந்த வரி பிராதிலேயே இருக்காது, வழக்கு தோற்ற காரணமே அதுதான் என்று தெரியும். இப்படிப் பத்துக் கட்டு படித்தவருக்கு மாதிரி மனுப் புத்தகம் தேவையில்லை.

ஏ.ஐ. விஷயம். மொழியைச் சீர் செய்யவோ தேதிவாரியாகச் சம்பவங்களை அடுக்கவோ பயன்படுத்துங்கள், கட்சிக்காரரின் பெயரையும் ரகசியத்தையும் அதில் கொட்டாமல். தீர்ப்பு மேற்கோள் மட்டும் அது கொடுத்ததை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் சாட்ஜிபிடி கொடுத்த, உலகத்திலேயே இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. திறந்து, நீங்கள் சொல்லும் பத்தி உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு எழுதுங்கள்.

"லிமிடேஷன் தேதியை விட்டுடுவேனோன்னு பயமா இருக்கு."

லிமிடேஷன் என்றால் வழக்குப் போடச் சட்டம் வைத்திருக்கும் கெடு. அந்தப் பயம் இருக்கட்டும், நல்லதுதான். செக் கேஸையே எடுத்துக்கொள்ளுங்கள், ஜூனியர் கைக்கு முதலில் வருவது அதுதான். செக்கை மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பிய தகவல் கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து எதிராளிக்கு 15 நாள். அதற்குள் பணம் தராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார். நான்கு தேதி, ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து ஓடுகிறது. தபால் ஒப்புகை அட்டை வந்த நாளை யாரும் குறித்து வைக்கவில்லை என்றால் எல்லாமே தடுமாறும். அதனால் வாய்தா டைரி வேறு, கெடு டைரி வேறு. கெடு டைரியில் கடைசித் தேதியை எழுதாதீர்கள், அதற்குப் பத்து நாள் முந்தைய தேதியை எழுதுங்கள்.

எதிருரைக்கு 30 நாள், நீட்டித்தால் 90 என்று சட்டம் சொல்கிறது. சாதாரண சிவில் வழக்கில் அதையும் தாண்டி கோர்ட் அனுமதிக்கலாம் என்று சொன்ன 2005 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நம் சேலம் வழக்கறிஞர் சங்கம் போட்ட வழக்கில் வந்தது. ஆனால் வணிக வழக்கில் 120 நாள் முடிந்தால் முடிந்ததுதான். எந்த வகை வழக்கு என்று முதல் நாளே பாருங்கள். ஏதாவது தேதி தவறிவிட்டது என்று தெரிந்தால் அன்றைக்கே சீனியரிடம் சொல்லிவிடுங்கள். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவில் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டிவரும், நீங்கள் மறைத்து வைத்த நாட்களும் அந்தக் கணக்கில் சேரும்.

"பொம்பளப் பிள்ளைக்கு கிரிமினல் எதுக்கு, ஃபேமிலி கோர்ட் போம்மான்னு எல்லாரும் சொல்றாங்க."

எனக்கும் சொன்னார்கள். ஃபேமிலி கோர்ட் உங்களுக்குப் பிடித்திருந்தால் போங்கள், கஷ்டமான, நல்ல வேலை அது. யாரோ சொன்னார்கள் என்பதற்காகப் போகாதீர்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு ராத்திரி போக வேண்டி வருமே என்பார்கள். ரிமாண்ட் சமயத்தில் போக வேண்டிவரும், கூட ஒரு சக ஜூனியரைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆண்களும் அப்படித்தான் போகிறார்கள்.

ஆபீஸிலேயே தொல்லை என்றால்: பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கும், முதலாளியே புகாருக்கு உள்ளானவர் என்றாலும், 2013-ன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவில் புகார் கொடுக்கலாம். பயிற்சிக்கு இருப்பவர்களும் அந்தச் சட்டத்துக்குள் வருவார்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். மெசேஜ்களை அழிக்காதீர்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் முன்பே அந்த ஆபீஸை விட்டு வெளியே வந்துவிடலாம், அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

"சம்பளம் பத்தல. சாயந்திரம் வேற வேலை பார்க்கலாமா?"

முழுநேரச் சம்பள வேலை பார்க்கக் கூடாது, சொந்தமாக வியாபாரம் நடத்தக் கூடாது. பார் கவுன்சில் விதிகள் 47-லிருந்து 52 வரை படித்துப் பாருங்கள், இரண்டு பக்கம்தான். சட்டம் சொல்லிக்கொடுக்கலாம், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல். சட்டப் புத்தகம் எடிட் செய்யலாம், சட்டத் தேர்வுக்கு மாணவர்களுக்குக் கோச்சிங் எடுக்கலாம். மற்ற பகுதிநேர வேலைக்குப் பார் கவுன்சிலின் சம்மதம் வேண்டும். கம்பெனியில் வேலை கிடைத்துச் சேர்ந்துவிட்டீர்கள் என்றால் என்ரோல்மென்ட்டை நிறுத்தி வைக்க எழுதிக் கொடுத்துவிடுங்கள், வேலையை விட்டதும் திரும்ப உயிர்ப்பித்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பு வேலை ஜூனியர்களுக்கு நிறையக் கிடைக்கிறது: கீழ்க் கோர்ட்டின் தமிழ் சாட்சியத்தை ஹைகோர்ட்டுக்கு இங்கிலீஷில் கொடுக்க வேண்டும், பக்கத்துக்கு இவ்வளவு என்று தருவார்கள். காசும் கிடைக்கும், சாட்சியமும் படித்த மாதிரி ஆகும்.

"ஜட்ஜ் எக்ஸாம் எழுதத்தான் வந்தேன். பிராக்டிஸ் எதுக்கு?"

2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம், சிவில் ஜட்ஜ் பதவிக்கு மூன்று வருட பிராக்டிஸ் வேண்டும் என்ற பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்தது. 2002-ல் எடுத்துவிட்டிருந்தார்கள், அனுபவமே இல்லாதவர்கள் பெஞ்சில் உட்கார்ந்ததில் பிரச்சினை என்று இப்போது மறுபடியும். மேலே முதல் கேள்வியில் சொன்ன தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே கணக்கு ஓடும். பத்து வருட அனுபவமுள்ள வக்கீல் சான்று தர வேண்டும், அதில் மாவட்டத்தின் முதன்மை நீதித்துறை அதிகாரி ஒப்புதல் போட வேண்டும். பெயருக்கு வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று வருடம் கோச்சிங் சென்டரில் உட்கார்ந்திருந்தால் அந்த ஒப்புதல் சமயத்தில் சங்கடம்தான். டைரி இருந்தால் சங்கடம் இல்லை. விண்ணப்பிக்கும்போது அந்த அறிவிக்கையில் இருப்பதை வரி வரியாகப் படித்துக்கொள்ளுங்கள்.

மற்ற வழிகளும் உண்டு. அரசு உதவி வழக்கு நடத்துனர் தேர்வுக்கு ஐந்து வருட கிரிமினல் பிராக்டிஸ் வேண்டும், நேரடி மாவட்ட நீதிபதிக்கு ஏழு வருடம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டத்தில் உதவி வழக்கறிஞராக மூன்று வருடத்துக்கு உட்பட்ட அனுபவம் உள்ளவர்களையே எடுக்கிறார்கள். முழுநேரம், தனிக் கேஸ் எடுக்க முடியாது. ஆனால் கிரிமினல் விசாரணை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் ஜூனியருக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

"சீனியர் ஆபீசில் இருந்துக்கிட்டே சொந்தக் கேஸ் எடுக்கலாமா?"

அவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். இதையும் சம்பளம் கேட்கும் அன்றே பேசிக்கொள்வது நல்லது. எடுப்பதற்கு முன், எதிர்க்கட்சி உங்கள் ஆபீஸின் கட்சிக்காரரா என்று ரேக்கில் தேடிப் பாருங்கள், சின்ன ஊரில் இது அடிக்கடி நடக்கும். முதல் கேஸ் பெரும்பாலும் சித்தப்பாவின் வரப்புத் தகராறாகத்தான் வரும். சொந்தக்காரர் ஃபீஸ் தரமாட்டார், பரவாயில்லை, கோர்ட் ஃபீஸையும் பேட்டாவையும் உங்கள் பாக்கெட்டிலிருந்து போடாதீர்கள்.

"ஜெயிச்சா பத்து பர்சன்ட் தரேன்னு கட்சிக்காரர் சொல்றார். ஒத்துக்கலாமா?"

கூடாது. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ், கிடைக்கும் தொகையில் பங்கு, இரண்டும் விதி 20-ன்படி தவறு. விபத்து இழப்பீட்டு வழக்குகளில் பர்சன்ட் பேசுவது ஊரறிந்த ரகசியம். ஊரெல்லாம் செய்கிறது என்பது ஒழுங்கு நடவடிக்கையில் பதிலாகாது. நிலை நிலையாக ஃபீஸ் பேசுங்கள்: தாக்கலுக்கு இவ்வளவு, விசாரணைக்கு இவ்வளவு, வாதத்துக்கு இவ்வளவு. கோர்ட் ஃபீஸ் தனி என்று முதலிலேயே சொல்லி, எழுதிக் கொடுத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2017-ல் ஏழரை சதவீதத்திலிருந்து மூன்று சதவீதமாகக் குறைத்த பிறகும் பத்து லட்சம் பண வழக்குக்கு 30,000 ரூபாய் ஆகிறது. அது உங்கள் ஃபீஸ் என்று கட்சிக்காரர் நினைத்துக்கொண்டிருப்பார்.

"ஃபீஸ் பாக்கி வச்சுட்டு வேற வக்கீலிடம் போறார். கட்டைக் கொடுக்காம வச்சுக்கலாமா?"

வச்சுக்கக் கூடாது. ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஃபீஸுக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைப்பது தொழில் ஒழுங்கீனம். ஃபீஸ் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக வழக்குப் போடுங்கள். கட்டைக் கொடுக்கும்போது என்னென்ன ஆவணம் என்று பட்டியல் எழுதி, ஒரிஜினல் எது, நகல் எது என்று குறித்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இப்படிச் செய்யாததால் "என் ஒரிஜினல் பத்திரத்தை வக்கீல் தொலைச்சிட்டார்" என்று பார் கவுன்சிலுக்குப் போன புகார்கள் உண்டு.

"இன்ஸ்டாவில் ரீல்ஸ் போட்டால் கேஸ் வருது. இதுல என்ன தப்பு?"

சட்டத்தை விளக்கிப் பேசுவதில் தவறு இல்லை. "உங்கள் ஜாமீனுக்கு எங்களை அணுகவும்" என்று நம்பர் போட்டால் விதி 36 வந்து நிற்கும், வக்கீல் விளம்பரம் செய்யவோ ஆள் பிடிக்கவோ கூடாது. வக்கீல்களைப் பட்டியல் போட்டு, ரேட்டிங் கொடுத்து விற்கும் இணையதளங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. பெயர், முகவரி, தகுதி, எந்தத் துறையில் பிராக்டிஸ் என்பதோடு ஒரு இணையதளம் வைத்துக்கொள்ள 2008 திருத்தத்துக்குப் பிறகு இடம் உண்டு. நடக்கிற வழக்கைப் பற்றி ரீல்ஸ் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது. உங்கள் கட்சிக்காரரின் வாழ்க்கை அது.

"தப்பு செஞ்சவர்னு தெரிஞ்சும் ஆஜராகலாமா? வீட்டில் கேட்கிறாங்க."

குற்றம் செய்தாரா என்பது பற்றி உங்கள் சொந்த அபிப்பிராயம் என்னவாக இருந்தாலும் குற்றம்சாட்டப்பட்டவருக்காக வாதாடுவது வக்கீலின் கடமை என்று விதி 15 சொல்கிறது. அவர் உங்களிடம் சொன்னதை வெளியில் சொல்ல முடியாது, புது சாட்சியச் சட்டத்தின் பிரிவு 132 அதைப் பாதுகாக்கிறது. இனிமேல் செய்யப் போகிற குற்றத்துக்கு யோசனை கேட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பொய்ச் சாட்சியைத் தயார் செய்யச் சொன்னாலும் முடியாது. அரசுத் தரப்பு நிரூபிக்கட்டும் என்று நிற்பது ஒன்று, இல்லாத சாட்சியை உண்டாக்குவது வேறு. வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள். அம்மா ஒத்துக்கொள்ளமாட்டார், எங்கள் வீட்டிலும் ஒத்துக்கொண்டதில்லை.

"சீனியரை விட்டு எப்போ விலகலாம்? கட்சிக்காரர் கூட வரேன்னு சொல்றார்."

ஒரு சிவில் வழக்கை பிராதிலிருந்து தீர்ப்பு வரைக்கும், ஒரு கிரிமினல் வழக்கை எஃப்.ஐ.ஆரிலிருந்து தீர்ப்பு வரைக்கும் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டீர்களா? கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் விலகலாம். வருடக் கணக்கு எதுவும் கிடையாது. ஒரு மாதம் முன்னால் சொல்லி, கையில் இருக்கும் ஒவ்வொரு கட்டின் நிலையையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கட்சிக்காரர் தானாக வந்தால் வரட்டும், வக்கீலைத் தேர்ந்தெடுப்பது அவர் உரிமை. நீங்கள் போன் போட்டுக் கூப்பிட்டால் அது வேறு. அப்படி வருகிற கேஸில் ஏற்கெனவே சீனியரின் வக்காலத்து இருக்கும், விதி 39-ன்படி அவர் சம்மதம் வேண்டும், அவர் தராவிட்டால் கோர்ட்டிடம் காரணம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். அதற்கு முன் பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். இதே ஊரில் இன்னும் முப்பது வருடம் சீனியர் முகத்தில் முழிக்க வேண்டும்.

"கட்சிக்காரர் வரவே இல்லை, வக்காலத்தில் அட்டெஸ்ட் பண்ணுன்னு சீனியர் சொல்றார். என்ன பண்றது?"

இதை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை, தனியாக வந்து கேட்கிறார்கள். 'கட்சிக்காரர் என் முன்னிலையில் கையொப்பமிட்டார்' என்று அதில் எழுதியிருக்கும், கீழே இருக்கப் போவது உங்கள் பெயரும் உங்கள் என்ரோல்மென்ட் எண்ணும். நாளைக்கு அந்த ஆள் "நான் கையெழுத்தே போடல" என்று மனுப் போட்டால் வழக்கறிஞர்கள் சட்டப் பிரிவு 35-ன் கீழ் ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ் வருவது உங்களுக்கு, சீனியருக்கு அல்ல. அபிடவிட்டில் சத்தியப் பிரமாணத்துக்கும் இதே கதைதான். வெளிநாட்டில் இருப்பவருக்கு, ஜெயிலில் இருப்பவருக்கு, படுத்த படுக்கையாய் இருப்பவருக்கு எல்லாம் முறையான வழி தனித்தனியாக இருக்கிறது, தூதரகம், ஜெயில் சூப்பிரண்டு, நேரில் போய் வாங்குவது என்று.

சண்டை போடத் தேவையில்லை. "கட்சிக்காரர் வந்ததும் போட்டுடறேன் சார், நானே போன் பண்ணிச் சாயந்திரம் வரச் சொல்றேன்" என்று சொல்லி, அங்கேயே போனை எடுத்து டயல் செய்யுங்கள். பெரும்பாலான சீனியர்கள் அவசரத்தில் சொல்கிறவர்கள்தான், இந்த இடத்தில் விட்டுவிடுவார்கள். மறுபடி மறுபடி அதையே கேட்கிறவர் என்றால், முந்தைய பதிலில் ஒரு மாதம் முன்னால் சொல்லச் சொன்னேனே, இவருக்கு அது வேண்டாம். அன்றைக்கே கிளம்பலாம்.